சம்பந்தி வீட்டுப் பெரியவர்

வேட்டி சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. ஒரு கையால் மடிப்பைப் பிடித்தால் இன்னொரு கையில் பை, பையைக் கீழே வைக்கலாம் என்றால் இது கீழே வைக்கிற இடமா என்று தெரியவில்லை, உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்புப் பழம், என் பெண்டாட்டி செண்பகம் ஊரிலிருந்து துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்ட வெள்ளித் தட்டு, இத்தனை மங்கலத்தையும் சுமந்துகொண்டு நான் வந்து நிற்கும் இடம் சுடுகாடு. சுடுகாடு என்றும் சொல்லக் கூடாது, இங்கே யாரையும் எரிக்கவில்லை, புதைத்திருக்கிறார்கள், கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெள்ளைச் சிலுவை, பச்சைப் புல், அதற்கு அப்பால் பள்ளத்தில் கடல். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த பிரான்சை மீட்க அமெரிக்கப் பட்டாளம் கப்பலில் வந்து குதித்த கடற்கரையாம் அது, அன்றைக்குக் கீழே இறங்கியவர்களில் பலர் இங்கே மேலே படுத்திருக்கிறார்கள். காற்று அந்தக் கடலிலிருந்து என் வேட்டிக்கென்றே கிளம்பி வருகிறது. ஜூன் மாதமாம், கோடையாம், என் மகள் பூரணிதான் சொன்னாள், கோடைதாம்ப்பா, வேட்டியே கட்டிக்கிடுங்க, அழகா இருக்கும். அழகுக்கு என்ன குறைச்சல், அங்கே கம்பத்தில் ஒரு கொடி பறக்கிறது, இங்கே தரையில் நான் ஒருத்தன் பறக்கிறேன். "ரெமி குடும்பத்துக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தரைப் பாக்கப் போறோம்ப்பா, அவரைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிடப் போகணும்" என்றாள். ரெமி என்பது அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன். ரொம்ப வேண்டியவர் என்றால் தனியாக எங்கோ இருக்கும் குடும்பத்துப் பெரியவர், சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் தட்டை மாற்றிக்கொள்வதுதானே முறை என்று நானாக நினைத்துக்கொண்டு, பட்டுச் சட்டையும் போட்டுப் பையையும் தூக்கிக்கொண்டேன். பெரியவர் உட்கார்ந்திருக்கவில்லை.

பூரணி மேல் கோபப்பட வேண்டும், வரமாட்டேன் என்கிறது, குளிர்தான் வருகிறது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கார் நிறுத்துமிடத்தில் கேட்டதற்கு, "சொன்னா நீங்க வருவீங்களாப்பா?" என்றாள். நியாயம்தான், வந்திருக்க மாட்டேன். பையையாவது காரில் வைத்துவிடலாம் என்று திரும்பினால் ரெமியின் அப்பா பெர்னார் அதற்குள் காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். மனுஷன் நல்ல உயரம், ஆப்பிள் தோட்டக்காரர், நடந்தால் மண் அதிரும். அவரைக் கூப்பிட்டுக் காரைத் திற என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த வாய் கிடையாது, அதுவும் நான் பெண் கொடுக்க வந்தவனா கொடுக்காமல் போக வந்தவனா என்று எனக்கே தெரியாதபோது அந்த வாயை எங்கே போய்த் தேட. இந்த யோசனையிலேயே வாசல் வந்துவிட்டது, வாசலில் பையைச் சோதிக்கிற யந்திரம். பை உள்ளே போனது, வெளியே வரவில்லை. காவலர் திரையைப் பார்த்துவிட்டு இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். உருண்டையாக ஒன்று, அதற்கு ஒரு குடுமி. யுத்தத்தில் செத்தவர்களைப் பார்க்க வருகிறவன் பையில் இருக்கக் கூடாத பொருள்தான், நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். "கோகனட், ஃபார் மேரேஜ்" என்றேன். அவர் தேங்காயைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த சிலுவைகளைப் பார்த்தார், மறுபடி தேங்காயைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

பூரணிக்குத் தெரியாத ஒரு சங்கதி இந்தப் பையில் இருக்கிறது, அதுதான் தேங்காயைவிடக் கனக்கிறது. செண்பகத்துக்கு முழங்காலில் அறுவை, விமானத்தில் வர முடியாது, அதனால் அவள் சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்பியிருக்கிறாள். "ஆளுகளை நல்லாப் பாருங்க. மனசுக்குச் சரின்னு பட்டா தட்டை மாத்திட்டு ஒரு போன் போடுங்க. படலைன்னா அப்படியே திருப்பிக் கொண்டாந்துருங்க, பூரணிகிட்ட நான் பேசிக்கிடுதேன்." அவள் பேசிக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், பூரணி கேட்டுக்கொள்வாள், அம்மா அழுதால் கேட்டுக்கொள்வாள், பிறகு யாரையும் கட்டிக்கொள்ளாமலே இருந்துவிடுவாள், அவள் அப்படிப்பட்ட பெண். இத்தனையும் என் கையில். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவன் நான், அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளத் தயாராக நிற்கும்போது நடுவே சங்கிலியைப் போட்டு இதுதான் எல்லை என்று கல் நட்டவன், ஆனால் என் வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் வந்ததில்லை, அதெல்லாம் செண்பகம். இப்போது மட்டும் என்னைப் போய்ப் பார் என்கிறாள். எதைப் பார்க்க. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், இவர்கள் ஒன்றுமே கேட்க மாட்டேன் என்கிறார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் காப்பி ஆறுவதற்குள் பென்ஷன் எவ்வளவு, சொந்த வீடா, சர்க்கரை உண்டா என்று கேட்டு முடித்துவிடுவார்கள், நாமும் கேட்டுவிடலாம். இவர்கள் பாலாடைக்கட்டி மட்டும் கொடுக்கிறார்கள். ஒன்று போதாதென்று பல தினுசு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாற்றம், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட, ஆட்டியதை ஆசை என்று நினைத்து இன்னும் வைக்கிறார்கள். இதிலிருந்து மனசுக்கு என்ன படும், வயிற்றுக்குத்தான் படும். செண்பகம் கடைசியாகச் சொன்னதுதான் முள்ளாகக் குத்துகிறது. "நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா அங்க யாரு இருக்கா?" அவள் சும்மா சொல்லவில்லை. அந்தக் கொள்ளை நோய் வருஷம் பூரணிக்குப் பாரிஸில் காய்ச்சல், தனி அறை, எங்களோடு பேசிக்கொண்டே இருந்தவள் அசந்துவிட்டாள், போன் கட்டிலில் மல்லாந்து விழுந்துவிட்டது. எங்களுக்கு அவள் தெரியவில்லை, அறையின் மேல்கூரை மட்டும் தெரிந்தது, அதில் ஒரு விளக்கு. அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே நானும் செண்பகமும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் இருமினாள் என்றால் எங்களுக்குச் சந்தோஷம், இருமவில்லை என்றால் பயம். இப்போதும் வெள்ளையடித்த கூரை எதைப் பார்த்தாலும் இருமல் கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

நடக்கிறோம். முன்னால் பெர்னார், கையில் பூங்கொத்து, அவர் பின்னால் ரெமியும் பூரணியும், கடைசியில் நானும் என் வேட்டியும். ரெமி அடிக்கடி திரும்பி "சரியா, மாமா?" என்கிறான், பூரணி சொல்லிக்கொடுத்த தமிழ், சரிதான் தம்பி என்கிறேன், மாப்பிள்ளை என்று சொல்லிவிடக் கூடாதே என்று நாக்கை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். இந்தச் சிலுவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நட்டவன் பெரிய ஆள். நேராகப் பார்த்தாலும் வரிசை, கோணலாகப் பார்த்தாலும் வரிசை, குறுக்கே பார்த்தாலும் ஒரு விரற்கடை பிசகவில்லை. நான் நட்ட கல் ஒன்றாவது நட்ட இடத்தில் இருந்திருக்கிறதா, காலையில் நட்டால் அடுத்த மழைக்குள் நகர்ந்திருக்கும், கேட்டால் மாடு முட்டிவிட்டது என்பார்கள், எங்கள் தாலுகாவில் மாடுகள் எல்லாம் மேற்கே பார்த்தே முட்டும். இங்கே ஒரு கல் நகரவில்லை. நகர்த்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது, படுத்திருக்கிறவன் இன்னும் ஒரு அடி கேட்பானா. கீழே கடற்கரையில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், ஒருத்தர் நாயோடு ஓடுகிறார், சுண்டல் விற்க ஆளில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லாத கடற்கரை, இதுவா அப்படியெல்லாம் செய்தது என்று தோன்றுகிறது. எதிரே ஒரு வயதான அமெரிக்கர் பெண்டாட்டியோடு வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார். பட்டுக்கரை வேட்டியையும் சட்டையையும் பார்த்து ஏதோ நாட்டுப் பிரதிநிதி என்று நினைத்திருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெரியவர்களும் யுத்தத்தில் இருந்தார்களா என்று கேட்டார். எங்கள் தாத்தா சண்டை போட்டது ஒரே ஒரு புளியமரத்துக்காக, அதிலும் தோற்றுவிட்டார். அதை ஆங்கிலத்தில் சொல்லும் தெம்பு இல்லை, யெஸ் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. இனி இவரிடம் போய் எப்படிப் புளியமரத்தை விளக்குவது, நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெண்டாட்டி எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

பெர்னார் நின்றுவிட்டார். மற்ற சிலுவை மாதிரியே ஒரு சிலுவை. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சின்ன வாளியில் ஈர மணலோடு வந்தாள், கீழே கடற்கரையில் அள்ளிய மணலாம், அதை எடுத்துக் கல்லில் வெட்டியிருந்த எழுத்துகள் மேல் தேய்த்துத் துடைத்தாள், அதுவரை வெள்ளையில் வெள்ளையாகக் கண்ணுக்கே தெரியாமல் இருந்த பெயர் மெல்ல எழுந்து வந்தது, நெற்றியில் திருநீறு பூசியதும் ஒரு ஆளுக்குக் களை வருமே அப்படி. வால்டர் என்று பெயர். அமெரிக்காவில் எங்கோ சோளக்காட்டுப் பக்கத்துப் பையன், இருபது வயது, இறங்கிய அன்றைக்கே போய்விட்டான் என்றாள் பூரணி. பெர்னார் பூவை வைத்தார், தொப்பியைக் கழற்றினார், கழற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தார், பிரார்த்தனை இல்லை, சாதாரணமாக, டீக்கடையில் பக்கத்து ஆளிடம் பேசுவதுபோல. பூரணி என் காதில் சொன்னாள். "வால்டர், இவரு பூரணியோட அப்பா, இந்தியாவுலேருந்து வந்திருக்காரு, நிலம் அளக்குற வேலை பாத்தவருன்னு சொல்லுதாருப்பா. நேத்து நம்ம தோட்டத்து வேலியைப் பாத்துக் கிழக்குப் பக்கம் கோணுதுன்னாரு, நானும் அளந்து பாத்தேன், கோணத்தான் செய்யுதுன்னு சொல்லுதாரு." எனக்குச் சங்கடமாகிவிட்டது. வேலியைப் பற்றி நான் பூரணியிடம் முனகியதுதான், அதற்காக ஒரு மனுஷன் சாயங்காலம் டேப்பைத் தூக்கிக்கொண்டு போவாரா. "எந்த வகையில சொந்தம்னு கேளு" என்றேன். "சொந்தம் இல்லப்பா." "தாய் வழியா இருக்கும்." "ஒரு வழியும் இல்லப்பா." சண்டை முடிந்த பிறகு அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கல்லறை என்று பார்த்துக்கொள்ள எடுத்துக்கொண்டார்களாம், இவர்கள் வீட்டுக்கு வந்தவன் வால்டர். பெர்னாரின் அப்பா இருந்தவரை அவர், பிறகு இவர், நாளைக்கு ரெமி. பூ கொண்டுவருவார்கள், வீட்டுச் சேதியும் சொல்வார்கள், பிள்ளை பிறந்தது, மாடு விற்றது, ஆலங்கட்டி மழையில் ஆப்பிள் கொட்டியது. குடும்பத்தில் புதிதாக யார் சேர்வதானாலும் முதலில் இங்கே கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். "ரெமியோட அக்கா புருசனையும் காட்டினாங்களாம். அவங்க பிரிஞ்சப்பவும் வந்து சொல்லிட்டுத்தான் போனாங்களாம்." நான் பெர்னாரைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கச் சொன்னேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை, பூரணி இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார். "வால்டரோட அம்மாவால இவ்வளவு தூரம் வந்து பாக்க முடியாதே, அதான்னு சொல்லுதாருப்பா."

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் மூன்று பையன்கள். வருஷா வருஷம் தெவசம் வந்தால் மூன்று வீட்டுப் போனும் அணைந்துவிடும், உன் முறை, போன வருஷம் நான், வடைக்கு உளுந்து நான்தானே வாங்கினேன் என்று எள்ளும் தண்ணியும் இறைப்பதற்குள் சித்தப்பா வந்து பஞ்சாயத்துப் பண்ண வேண்டும், பெற்ற அப்பனுக்கு. இந்த மனுஷர்கள் முகம் தெரியாத ஒரு பையனுக்கு, அவன் பாஷைகூடத் தெரியாது, இத்தனை வருஷமாக மாடு விற்ற கதை வரைக்கும் வந்து சொல்கிறார்கள். செண்பகம் கேட்டாளே, அங்க யாரு இருக்கா என்று, இவர்கள் இருக்கிறார்கள் செண்பகம், என்று அவளிடம் இப்போதே சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லலாம், ஆனால் தட்டு. தட்டை வீட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம். இடுகாட்டுக்குப் போய்வந்து குளிக்காமல் எப்படித் தட்டைத் தொடுவது, அவர்கள் வீட்டில் போய் முதலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன் என்றால் என்ன நினைப்பார்கள், பாலாடைக்கட்டி நாற்றம் போகவில்லை என்று நினைப்பார்கள். நான் குளித்தாலும் தேங்காய் குளிக்குமா, இங்கே வரைக்கும் வந்துவிட்ட குங்குமத்தை என்ன செய்வது, நாளைக்குப் பாரிஸில் போய் எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டு வரலாம், நாளை மறுநாள் நான் ஊருக்குப் போகிறேன், அப்படியானால் அடுத்த தடவை, அடுத்த தடவை என்பது எப்போது, அதற்குள் செண்பகம் பூரணியிடம் பேசிக்கொள்வாள். அப்போது பைக்குள்ளிருந்து கெட்டிமேளம் கிளம்பியது. என் போன்தான். நாதஸ்வரமும் தவிலுமாக அத்தனை சிலுவைக்கும் நடுவில் உச்சத்தில் முழங்க, நான் வெற்றிலைக்குள் கையை விட்டுத் துழாவ, வாளிப் பெண்மணி நின்று பார்க்கிறாள். "என்னங்க, எங்க இருக்கிய? தட்டு மாத்தியாச்சா?" "இந்தா, இப்பதான் மாத்தப்போறோம், வச்சுராத" என்று சொன்னது என் வாய்தான். சொல்லிவிட்டுப் போனைப் பூரணியிடம் கொடுத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் தெரிந்தது, பையில் இருந்த சங்கதி அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

தட்டை எடுத்தேன், வெற்றிலை பறக்கப் பார்த்தது, தேங்காயை மேலே வைத்து அமுக்கினேன். இடுகாட்டில் தட்டு மாற்றிய ஆள் எங்கள் வம்சத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெர்னாரிடம் நீட்டினேன், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்காயின் குடுமியைத் திகைத்துப் பார்த்தார். பதிலுக்கு அவரும் ஒன்று தர வேண்டும் என்று பூரணி சொன்னாள் போலிருக்கிறது, தட்டை ரெமியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப்பைகளைத் தடவினார், கார் சாவி வந்தது, மரத்துக்கு ஒட்டுப்போடும் கத்தி வந்தது, கத்தி வேண்டாம் என்று பூரணி பதறினாள், கடைசியில் தன் கழுத்துக் கம்பளித் துண்டை உருவி என் கழுத்தில் போட்டுச் சுற்றிவிட்டார். சம்பந்திக்குத் துண்டு போட வேண்டும் என்று இவருக்கு யார் சொன்னார்கள், ஒருத்தரும் சொல்லவில்லை, நான் நடுங்குவதைப் பார்த்திருக்கிறார். பூரணி ஸ்பீக்கரில் போட்டு நீட்டிய போனில் செண்பகம் கேட்கிறாள், குரல் உடைந்திருக்கிறது, அழுதிருக்கிறாள். "பெரியவங்க யாரும் பக்கத்துல இருந்தாங்களா?" "இருக்காரு" என்றேன். "ரொம்ப வயசானவரா?" சிலுவையைப் பார்த்தேன். "இருந்தா நூறைத் தாண்டியிருக்கும்." "நூறு வயசுப் பெரியவரை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டா பேசுதிய? முதல்ல விழுந்து கும்பிடுங்க. இதையெல்லாமா நான் சொல்லித் தரணும்." சரிதான் என்றேன். என் மகளைவிடச் சின்னப் பையன், நான் தாத்தா ஆகிற வயசுக்காரன், சின்னவன் காலில் பெரியவன் விழக் கூடாது, ஆனால் செண்பகம் சொல்லிவிட்டாள். துண்டை இறுக்கிக்கொண்டு பூரணியிடம் கேட்டேன், கால் எந்தப் பக்கம்னு கேளு. அவள் சிரிக்கப்போனவள் சிரிக்காமல் பெர்னாரிடம் கேட்டாள். அவர் சிலுவைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். "சின்ன வயசுலேருந்து வாறேன், இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையேங்காருப்பா." பிறகு புல்லில் ஒரு இடத்தைக் காட்டினார், தெரிந்து காட்டினாரா, நான் விறைத்து நிற்பதைப் பார்த்து ஏதோ ஒரு இடத்தைக் காட்டினாரா தெரியாது. விழுந்துவிட்டேன். புல் ஈரம், பட்டு நனைகிறது, நெற்றியில் மணல் ஒட்டுகிறது, அடியில் எங்கேயோ இருபது வயதுக் கால்கள், எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள் தம்பி என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, யாருக்கும் தெரியாது, முகம் மண்ணில் இருக்கிறது. "என்னங்க, பெரியவரு என்ன சொன்னாரு?" என்று செண்பகம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பூரணி போனை என் தலைப்பக்கம் தாழ்த்திப் பிடிக்கிறாள். நல்லா இருக்கட்டும்னாரு, என்று நான் தரையிலிருந்தே சத்தமாகச் சொன்னேன். கொஞ்சம் கழித்து எழுந்துகொள்ளலாம் என்று அப்படியே கிடக்கிறேன்.